சொந்தச் செல்களால் மூட்டை ஆற்றுவது: எந்தக் காயத்துக்கு, எந்தச் செல்?

முழங்கால் வலிக்குத் தீர்வு தேடி அலைகிறவர்களிடம் இன்று பல இடங்களில் ஓர் உறுதிமொழி சொல்லப்படுகிறது: “உங்கள் உடம்பிலிருந்தே செல்களை எடுத்து உங்கள் மூட்டிலேயே செலுத்திவிடுவோம், கெட்டுப்போன குருத்தெலும்பு மறுபடியும் வளர்ந்துவிடும்.” இதில் ஓரளவு உண்மை இருக்கிறது. அந்த உண்மை குறிப்பிட்ட ஒரு வகைக் காயத்துக்கும், குறிப்பிட்ட ஒரு வகைச் செல்லுக்கும், மாதக்கணக்கில் பொறுமையைக் கேட்கும் ஒரு செய்முறைக்கும் உரியது. அதற்குச் சற்றும் தொடர்பில்லாத வேறு இரண்டு சிகிச்சைகளும் ‘சொந்தச் செல்’ என்ற அதே அடையாளத்தோடு விற்கப்படுவதால், வலியோடு வருகிறவர் எதை வாங்குகிறோம் என்று தெரியாமலே வாங்கிவிடுகிறார். இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டால் பணமும் மிஞ்சும், பொருத்தமான சிகிச்சைக்கான காலமும் வீணாகாது.

முதலில் குருத்தெலும்பைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். முழங்காலில் தொடை எலும்பின் கீழ்முனையையும், கால் எலும்பின் மேல்முனையையும், முழங்காற்சில்லின் உட்புறத்தையும் போர்த்தியிருக்கும் வழவழப்பான வெண்ணிறப் படலமே மூட்டுக் குருத்தெலும்பு. அதன் தடிமன் பெரும்பாலும் 2 முதல் 4 மில்லிமீட்டர் வரைதான். எடையில் பெரும்பகுதி நீர். மீதியில் முக்கியமானவை இரண்டாம் வகைக் கொலாஜன் இழைகளும், அந்த இழைகளுக்கு இடையில் நீரைப் பிடித்து வைத்திருக்கும் புரோட்டியோகிளைக்கன் மூலக்கூறுகளும். இவற்றையெல்லாம் உற்பத்தி செய்து பராமரிப்பவை காண்ட்ரோசைட் எனப்படும் குருத்தெலும்புச் செல்கள். அவை எண்ணிக்கையில் மிகக் குறைவு. ஒவ்வொன்றும் தான் உருவாக்கிய அடர்ந்த பொருளுக்குள்ளேயே தனித்து அடைபட்டிருக்கிறது. இந்தத் திசுவுக்குள் ரத்தக் குழாய் கிடையாது, நரம்பும் கிடையாது. மூட்டில் சுரக்கும் நீரிலிருந்து ஊறிவரும் ஊட்டமே அதற்கு ஆதாரம்.

தோலில் வெட்டுப்பட்டால் ரத்தம் கசிகிறது, உறைகிறது, அந்த உறைவைத் தேடிப் பழுதுபார்க்கும் செல்கள் வந்து சேர்கின்றன. குருத்தெலும்பில் இந்தத் தொடரின் முதல் கண்ணியே இல்லை. ரத்தம் கசிய வழியில்லாததால் உதவிக்கு எதுவும் வருவதில்லை. அடைபட்டுக் கிடக்கும் செல்களாலும் காயம்பட்ட இடத்துக்கு நகர்ந்து செல்ல முடிவதில்லை. லண்டனில் பணியாற்றிய உடற்கூறியல் வல்லுநர் வில்லியம் ஹண்டர், ஒருமுறை அழிந்த குருத்தெலும்பு மீள்வதில்லை என்று 1743இலேயே எழுதிவைத்தார். அந்தக் கூற்று பெருமளவுக்கு இன்றும் பொருந்துகிறது. காயம் மிக ஆழமாகி அடியிலுள்ள எலும்பு வரை போய்விட்டால் மட்டும் எலும்பு மஜ்ஜையின் ரத்தம் குழிக்குள் வந்து ஒரு வகைத் திசு உருவாகும். அது முதலாம் வகைக் கொலாஜன் மிகுந்த நார்க்குருத்தெலும்பு; தழும்புத் திசுவுக்கு நெருக்கமானது, அசலைப் போல் அழுத்தத்தைத் தாங்காது. இந்த இயற்கை வழியையே மருத்துவர்கள் வேண்டுமென்று தூண்டும் முறை ஒன்று உண்டு. குழியின் அடியிலுள்ள எலும்பில் சிறுசிறு துளைகள் இட்டு மஜ்ஜையின் ரத்தத்தை வரவைக்கும் அந்த முறையை அமெரிக்க அறுவை மருத்துவர் ரிச்சர்ட் ஸ்டெட்மன் பரவலாக்கினார். நுண்துளை முறை என்று அதைச் சொல்லலாம். செலவு குறைவு, ஒரே அறுவை சிகிச்சையில் முடிந்துவிடும். ஆனால் கிடைப்பது பெரும்பாலும் நார்க்குருத்தெலும்புதான்.

அப்படியானால் அசல் குருத்தெலும்புச் செல்களையே வெளியே எடுத்து, பெருக்கி, குழிக்குள் வைத்தால் என்ன என்ற கேள்வி எழுந்தது. ஒருவரின் செல்களை ஆய்வகத்தில் பெருக்கி அவருக்கே திருப்பித் தர முடியும் என்பதை முதலில் நிரூபித்தது தோல்தான். மனிதத் தோலின் மேலடுக்குச் செல்களை ஆய்வகத்தில் அடுக்கடுக்காக வளர்க்கும் முறையை ஜேம்ஸ் ரெய்ன்வால்டும் ஹோவர்ட் கிரீனும் 1975இல் வெளியிட்டார்கள். உடலின் 95 விழுக்காட்டுக்கும் மேல் தீக்காயம்பட்ட இரண்டு சிறுவர்களுக்கு, எஞ்சியிருந்த சிறிதளவு தோலிலிருந்து வளர்த்தெடுத்த தோல் விரிப்புகளைப் பொருத்தி அவர்களைக் காப்பாற்றிய செய்தி 1984இல் வெளிவந்தது. அந்தச் சிறுவர்கள் பிழைத்ததற்குச் சொந்தச் செல் என்பதே காரணம். வேறொருவரின் தோலாக இருந்திருந்தால் சில வாரங்களில் உடல் அதை ஒதுக்கித் தள்ளியிருக்கும்.

கோதன்பர்க் நகரில் நடந்தது

மூட்டுக்கான வேலை ஸ்வீடன் நாட்டின் கோதன்பர்க் நகரில் நிறைவேறியது. எலும்பு மூட்டு அறுவை மருத்துவர் லார்ஸ் பீட்டர்சன், முயல்களில் செய்த ஆய்வுகளுக்குப் பிறகு, மாட்ஸ் பிரிட்பெர்க், ஆன்டர்ஸ் லிண்டால் ஆகியோருடன் சேர்ந்து 1987இல் முதல் மனித அறுவை சிகிச்சையை அங்கே செய்தார். செய்முறை இரண்டு கட்டங்கள் கொண்டது. முதல் கட்டத்தில், சிறு துளை வழியே கருவியைச் செலுத்தி, உடல் எடையைத் தாங்காத ஓர் ஓரத்திலிருந்து சில நூறு மில்லிகிராம் அளவுக்குக் குருத்தெலும்பைச் சுரண்டி எடுப்பார்கள். ஆய்வகத்தில் நொதிகளைக் கொண்டு அதைக் கரைத்து, உள்ளே அடைபட்டிருக்கும் செல்களை விடுவித்து, நோயாளியின் சொந்த ரத்த நீரையே ஊட்டமாகச் சேர்த்துச் சில வாரங்கள் வளர்ப்பார்கள். சில லட்சம் செல்கள் இப்படிப் பல லட்சங்களாகப் பெருகும். இரண்டாம் கட்டத்தில் மூட்டைத் திறந்து, குழியின் சிதைந்த விளிம்புகளை நலமான திசு தென்படும் வரை நறுக்கி, கால் எலும்பின் மேலுறையிலிருந்து எடுத்த ஒரு மெல்லிய துண்டைக் குழியின் மேல் மூடிபோல் மிக நுண்ணிய தையல்களால் தைத்து, அதனடியில் செல் கரைசலைச் செலுத்துவார்கள்.

இந்தக் குழுவினர் 1994இல் 23 நோயாளிகளின் முடிவுகளை வெளியிட்டார்கள். அந்தக் கட்டுரையில் என்னை மிகவும் கவர்ந்தது அதன் நேர்மை. தொடை எலும்பின் முனையில் குழி இருந்த 16 பேரில் 14 பேருக்கு இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகும் நல்ல பலன் இருந்தது. முழங்காற்சில்லில் குழி இருந்த 7 பேரில் 2 பேருக்கு மட்டுமே அப்படிப்பட்ட பலன் கிடைத்தது. இந்தத் தோல்வியை அவர்கள் மறைக்கவில்லை. செல் அதேதான், ஆய்வகம் அதேதான். குழி இருந்த இடம் மட்டும் வேறு. சில்லு தன் தடத்தில் கோணலாக ஓடும் மூட்டில், புதிதாக வைத்த திசுவின் மேல் ஒவ்வோர் அடிக்கும் தவறான திசையில் உராய்வு விழுகிறது. சில்லின் ஓட்டத்தையும் சேர்த்துத் திருத்தினால்தான் பலன் உண்டு என்பதை மருத்துவர்கள் பின்னர் கற்றுக்கொண்டார்கள். செல் எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும் அது போய்ச் சேரும் மூட்டின் பொறியமைப்பு கெட்டிருந்தால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது என்பது இத்துறையின் முதல் பாடம். கால் வளைந்திருந்தால் எலும்பை வெட்டி நேராக்க வேண்டும். முட்டியின் தசைநார் அறுந்திருந்தால் அதைச் சீரமைக்க வேண்டும். அதன் பிறகே செல்லைப் பற்றிப் பேச வேண்டும்.

செல்களைப் பெருக்குவதிலும் ஓர் எல்லை இருக்கிறது. குருத்தெலும்புக்குள் உருண்டையாக இருக்கும் இச்செல்கள் ஆய்வகத் தட்டின் தட்டையான பரப்பில் வளரும்போது நீண்டு மெலிந்து, இரண்டாம் வகைக் கொலாஜனைக் கைவிட்டு முதலாம் வகையை உற்பத்தி செய்யத் தொடங்கிவிடுகின்றன. அதாவது தம் இயல்பை மறக்கின்றன. எவ்வளவு அதிகமாகப் பெருக்குகிறோமோ அவ்வளவுக்கு இந்த மறதியும் கூடும். முப்பரிமாணக் கூழுக்குள் அல்லது இழைச் சட்டகத்துக்குள் மீண்டும் வைத்தால் இயல்பு ஓரளவு திரும்புகிறது. அடுத்த தலைமுறைச் செய்முறை இந்த அறிவின் மேல் கட்டப்பட்டது. எலும்புறைத் துண்டு பல நோயாளிகளுக்கு அளவுக்கு மீறித் தடித்து வளர்ந்து மறு அறுவைக்கு வழிவகுத்ததால், அதற்குப் பதிலாகப் பன்றிக் கொலாஜனால் செய்த மெல்லிய சவ்வில் செல்களை முன்கூட்டியே படியவைத்து, குழியின் அளவுக்கு வெட்டி, ரத்தம் உறைய உதவும் ஃபைப்ரின் புரதத்தாலான பசையால் ஒட்டும் முறை வந்தது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் முதல் தலைமுறைப் பொருளான கார்ட்டிசெலுக்கு 1997இலும், சவ்வு முறையான மேசிக்கு 2016 டிசம்பரிலும் அனுமதி அளித்தது.

இவ்வளவு பாடுபட்டதற்குப் பலன் கூடுதலாகக் கிடைக்கிறதா என்பதுதான் முக்கியமான கேள்வி. நார்வே மருத்துவர்கள் 80 நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவதற்கு ஒப்பான முறையில் இரண்டாகப் பிரித்து, 40 பேருக்குச் செல் பொருத்தும் முறையையும் 40 பேருக்கு எளிய நுண்துளை முறையையும் செய்து பார்த்தார்கள். 2004இல் வெளியான இரண்டாண்டு முடிவிலும் சரி, ஏறத்தாழ 15 ஆண்டுகள் பின்தொடர்ந்த பிறகும் சரி, செல் முறை மேலானது என்று அவர்களால் சொல்ல முடியவில்லை. இரு தரப்பிலும் பலருக்குத் தேய்மானம் எக்ஸ்ரேயில் தெரிந்தது. அதற்கு மாறாக, 3 சதுர சென்டிமீட்டருக்குக் குறையாத குழி உள்ள 144 பேரைக் கொண்டு ஐரோப்பாவில் நடந்த ஆய்வில், சவ்வு முறை பெற்றவர்களுக்கு இரண்டு ஆண்டு முடிவில் வலியும் இயக்கமும் நுண்துளை முறை பெற்றவர்களைவிடத் தெளிவாக மேம்பட்டிருந்தன. ஆனாலும் திசுவைத் துண்டெடுத்து நுண்ணோக்கியில் பார்த்தபோது இரு தரப்புக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. இந்த இரண்டு ஆய்வுகளையும் எதிரெதிராக நிறுத்திச் சண்டையிட வேண்டியதில்லை என்று கருதுகிறேன். சிறிய குழிக்கு எளிய முறை போதும். குழி பெரிதாகும்போது செல் முறைக்கு அர்த்தம் கூடுகிறது. இங்கிலாந்தின் மருத்துவச் செயல்திறன் அமைப்பான நைஸ் 2017இல் இம்முறையைப் பரிந்துரைத்தபோதும் கடுமையான வரம்புகளை வைத்தது: குழி 2 சதுர சென்டிமீட்டருக்கு மேல் இருக்க வேண்டும், அதற்கு முன் சீரமைப்பு அறுவை எதுவும் நடந்திருக்கக் கூடாது, மூட்டில் தேய்மானம் மிகக் குறைவாக இருக்க வேண்டும், சிறப்பு மையத்தில் மட்டுமே செய்ய வேண்டும்.

தேய்மானம் மிகக் குறைவாக என்ற அந்த நிபந்தனையில்தான் நம்மூரில் பெரும்பாலானவர்களின் கேள்விக்கு விடை இருக்கிறது. சாலையில் விழுந்த ஒரு குழியை, சுற்றிலும் நல்ல தார் இருக்கும்போது, அடைத்துவிடலாம். சாலை முழுவதும் தேய்ந்து ஜல்லி பெயர்ந்துவிட்டால் குழியடைக்கும் வேலை அங்கே செல்லாது. விளையாட்டிலோ விபத்திலோ அடிபட்ட 25 வயதுக்காரரின் முழங்காலில் ஒரு குழி என்பதும், 60 வயதுக்காரரின் மூட்டுத் தேய்மானமும் அடிப்படையிலேயே வெவ்வேறு நோய்கள். தேய்மானத்தில் குருத்தெலும்பு மட்டும் கெடுவதில்லை. அடியிலுள்ள எலும்பு தடிக்கிறது, ஓரங்களில் எலும்பு முளைகள் கிளம்புகின்றன, மூட்டின் உள்ளுறை அழற்சியால் வீங்குகிறது, அதிலிருந்து வரும் நொதிகள் கொலாஜனைத் தொடர்ந்து அரிக்கின்றன, தொடைத் தசை வலுவிழக்கிறது. இப்படிப்பட்ட சூழலுக்குள் புதிய செல்களை அனுப்பினால் அவற்றுக்கும் பழைய செல்களின் கதியே நேரும்.

பொருத்தமான நோயாளிக்கும் இது எளிய பயணம் இல்லை. அறுவைக்குப் பிறகு முதல் சில வாரங்கள் அந்தக் காலில் முழு எடையைப் போடக் கூடாது. ஆனால் மூட்டை அசையாமல் வைத்திருக்கவும் கூடாது. மென்மையான அசைவே புதிய செல்களுக்கு ஊட்டத்தைக் கொண்டுசேர்க்கிறது. மென்மையான கூழாக இருக்கும் திசு உறுதிப்பட மாதங்கள் ஆகும். ஓடுவதற்கும் குதிப்பதற்கும் திரும்ப ஓராண்டு அல்லது அதற்கும் மேல் காத்திருக்க வேண்டும். இயன்முறைப் பயிற்சியைப் பாதியில் விடுகிறவருக்கு அறுவை வீணாகிவிடக்கூடும்.

பி.ஆர்.பி. ஊசி

இரண்டாவது வகை, பிளேட்லெட் செறிந்த பிளாஸ்மா, சுருக்கமாகப் பி.ஆர்.பி. கையிலிருந்து ரத்தம் எடுத்து, மையவிலக்குக் கருவியில் சுழற்றி, சிவப்பணுக்களைப் பிரித்துவிட்டு, பிளேட்லெட்டுகள் மிகுதியாக உள்ள மஞ்சள் நிற நீரை மூட்டுக்குள்ளோ தசைநாணுக்குள்ளோ ஊசி வழியே செலுத்துவார்கள். எல்லாமே ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். பிளேட்லெட்டுகளுக்கு உட்கரு கிடையாது. அவை பகுந்து பெருகுவதில்லை, குருத்தெலும்புச் செல்லாக மாறுவதும் இல்லை, சில நாள்களே வாழ்கின்றன. ஆகவே இதைச் ‘செல் வளர்த்து வைக்கும் சிகிச்சை’ என்று எண்ணிக்கொண்டு பெறுகிறவர் ஏமாறுவார். காயத்தில் பிளேட்லெட்டுகள் உறையும்போது தம் சிறு பைகளிலிருந்து வெளியிடும் வளர்ச்சிக் காரணிகள் என்னும் புரதங்களே இச்சிகிச்சையின் எதிர்பார்ப்பு. அந்தப் புரதங்கள் அக்கம்பக்கத்துச் செல்களுக்குச் செய்தி சொல்லும். அதற்கு மேல் அவை எதையும் கட்டுவதில்லை.

இதில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. ஒரு கருவி பிளேட்லெட்டை இரண்டு மடங்கு செறிவாக்கும், இன்னொன்று ஐந்து மடங்கு. ஒன்று வெள்ளணுக்களையும் சேர்த்துக் கொண்டுவரும், மற்றொன்று விலக்கும். நோயாளியின் ரத்தமும் ஆளுக்கு ஆள் வேறுபடும். ஒரே பெயருடைய ஊசி இரண்டு இடங்களில் இரண்டு மருந்துகளாக இருப்பதால், ஆய்வு முடிவுகளும் ஒன்றோடொன்று முரண்படுகின்றன. முழங்கால் தேய்மானத்தில் பி.ஆர்.பி. வலியைக் குறைத்ததாகக் கூறும் சிறிய ஆய்வுகள் பல இருக்கின்றன. ஆனால் ஆஸ்திரேலியாவில் 50 வயதுக்கு மேற்பட்ட 288 பேரிடம் நடந்து 2021இல் வெளியான ஆய்வு மிகவும் கவனமாக வடிவமைக்கப்பட்டது. பாதிப் பேருக்கு பி.ஆர்.பி., பாதிப் பேருக்கு வெறும் உப்புநீர். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, ஊசி போட்டவருக்கும் தெரியாது. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது இரு தரப்பிலும் வலி ஏறக்குறைய ஒரே அளவுக்குக் குறைந்திருந்தது, எம்.ஆர்.ஐ. படத்தில் குருத்தெலும்பின் அளவும் இரு தரப்பிலும் ஒரே விதமாகவே சுருங்கியிருந்தது. வலி குறைகிறதா என்பதில் இன்னும் விவாதம் நடக்கட்டும். குருத்தெலும்பு வளர்ந்துவிடும் என்று ஒருவர் சொன்னால் அதை நம்புவதற்கு ஆதாரம் இல்லை என்பதை மட்டும் தயக்கமின்றிச் சொல்லலாம். அமெரிக்க மூட்டுநோய் வல்லுநர்களின் அமைப்பு 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் முழங்கால், இடுப்பு மூட்டுத் தேய்மானத்துக்கு பி.ஆர்.பி. ஊசியையும், பல வகைத் திசுக்களாக மாறக்கூடிய ஸ்டெம் செல் (மூலச் செல்) ஊசியையும் போட வேண்டாம் என்றே அழுத்தமாகப் பரிந்துரைத்தது.

தசைநாண்களில் நிலைமை கலவையானது. முழங்கையின் வெளிப்புறத்தில் நாள்பட்டு வலிக்கும் ‘டென்னிஸ் எல்போ’வுக்கு, தொடக்கத்தில் வேகமாகக் கைகொடுத்துப் பின்னர் மங்கிவிடும் ஸ்டீராய்டு ஊசியைவிட, ஓராண்டுக் கணக்கில் பி.ஆர்.பி. மேலாக இருந்ததாக நெதர்லாந்து ஆய்வு ஒன்று காட்டியது. குதிகால் தசைநாணுக்கோ, 240 பேரைக் கொண்ட பிரிட்டன் ஆய்வில் போலி ஊசியைவிட அது எவ்விதத்திலும் மேலாக இருக்கவில்லை.

மஜ்ஜையும் கொழுப்பும்

மூன்றாவது வகைதான் ‘ஸ்டெம் செல் ஊசி’ என்ற பெயரில் மிகுதியாக விளம்பரமாகிறது. இடுப்பெலும்பில் ஊசி செலுத்தி மஜ்ஜையை உறிஞ்சி எடுத்தோ, வயிற்றுக் கொழுப்பை உறிஞ்சி எடுத்தோ, அதைச் செறிவாக்கி அதே நாளில் மூட்டுக்குள் செலுத்துகிறார்கள். மஜ்ஜையில் எலும்பாகவும் குருத்தெலும்பாகவும் கொழுப்பாகவும் மாறக்கூடிய செல்கள் இருப்பது உண்மை. ரஷ்ய அறிவியலாளர் அலெக்ஸாண்டர் ஃப்ரீடன்ஷ்டைன் போன்றோரின் ஆய்வுகளால் இது அரை நூற்றாண்டுக்கு முன்பே தெரியவந்தது. ஆனால் மஜ்ஜையிலிருந்து எடுக்கும் உட்கருவுள்ள செல்களில் 10,000க்கு ஒன்று அல்லது அதைவிடக் குறைவாகவே அத்தகைய செல் இருக்கும். வயதாக ஆக அந்த விகிதமும் குறையும். வளர்த்துப் பெருக்காமல் அதே நாளில் செலுத்தும் கலவையில் பெரும்பங்கு வெறும் ரத்த அணுக்கள்தான். பெருக்கிச் செலுத்தினாலும்கூட அவை மூட்டில் தங்கி வேரூன்றிக் குருத்தெலும்பாக மாறுவதில்லை என்றும், சில காலம் இருந்து அழற்சியைத் தணிக்கும் பொருள்களைச் சுரந்துவிட்டு மறைந்துவிடுகின்றன என்றும் இப்போது பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இச்செல்களைப் பற்றிய கருத்தை 1990களில் பரப்பிய அமெரிக்க உயிரியலாளர் ஆர்னால்ட் கேப்லனே பிற்காலத்தில் இந்த நிலைப்பாட்டைத்தான் வலியுறுத்தினார்.

இந்த வகையைப் பற்றி நடந்த ஆய்வுகளில் அமெரிக்காவின் மேயோ கிளினிக் செய்ததை ஒவ்வொரு நோயாளியும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். இரண்டு முழங்கால்களிலும் தேய்மான வலி உள்ள 25 பேரை அவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். ஒவ்வொருவரின் இடுப்பெலும்பிலிருந்தும் மஜ்ஜையை எடுத்தார்கள். ஒரு முழங்காலில் செறிவாக்கிய மஜ்ஜையையும், மறு முழங்காலில் உப்புநீரையும் செலுத்தினார்கள். எந்தக் காலில் எது என்று நோயாளிக்குச் சொல்லவில்லை. ஒரே ஆள், ஒரே வயது, ஒரே எடை, ஒரே நடை. ஒப்பீட்டுக்கு இதைவிட நியாயமான ஏற்பாடு கிடைக்காது. ஆறு மாதங்களில் மஜ்ஜை செலுத்திய முழங்காலில் வலி நன்றாகக் குறைந்தது. உப்புநீர் செலுத்திய முழங்காலிலும் அதே அளவுக்குக் குறைந்தது.

இதைப் படித்ததும் நோயாளிகள் கற்பனை செய்துகொண்டார்கள் என்று முடிவுகட்டுவது தவறு. தேய்மான வலி ஏறியிறங்கும் இயல்புடையது. உச்சத்தில் இருக்கும்போதுதான் எவரும் மருத்துவரிடம் போகிறார்கள், அதன் பிறகு என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் வலி சற்று இறங்கவே செய்யும். அக்கறையோடு ஒருவர் கவனிக்கிறார் என்ற உணர்வும், பெரிய சிகிச்சை நடந்திருக்கிறது என்ற எதிர்பார்ப்பும் மூளை வலியை உணரும் விதத்தையே மாற்றுகின்றன. எனவே “எனக்குப் போட்டார்கள், குறைந்துவிட்டது” என்று ஒருவர் சொல்லும்போது அவர் பொய் சொல்லவில்லை. அந்தக் குறைவுக்குச் செல் காரணமா என்பதை அவருடைய அனுபவத்தால் மட்டும் அறிய முடியாது. ஒப்பிடுவதற்கு உப்புநீர் போட்ட இன்னொரு முழங்கால் வேண்டும். 2023இல் வெளியான மற்றொரு பெரிய அமெரிக்க ஆய்வில் 475 பேரின் முடிவுகள் அலசப்பட்டன. சொந்த மஜ்ஜைச் செறிவு, சொந்தக் கொழுப்புச் செல்கள், பிறருடைய தொப்புள்கொடித் திசுச் செல்கள் ஆகிய மூன்றில் எதுவும் ஓராண்டு முடிவில் சாதாரண ஸ்டீராய்டு ஊசியைவிட மேலாக இருக்கவில்லை.

‘என் உடம்பின் செல்தானே, கெடுதல் என்ன வந்துவிடும்?’ என்று நினைப்பது இயல்பு. சொந்தச் செல் என்றால் உடல் அதை ஒதுக்காது என்பது மட்டும்தான் பொருள். எடுக்கும்போதும் பிரிக்கும்போதும் கிருமி சேரலாம். தவறான இடத்துக்குப் போன செல் தவறான திசுவாகலாம். அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் மூன்று பெண்மணிகள் பார்வைக் குறைவுக்காகத் தங்கள் வயிற்றுக் கொழுப்பிலிருந்து எடுத்த செல்களை இரு கண்களிலும் ஊசியாகப் போட்டுக்கொண்டு, பார்வையை முற்றிலுமாகவோ பெருமளவிலோ இழந்த செய்தி 2017இல் மருத்துவ இதழில் வெளியானது. அது கண்ணில் நடந்தது, மூட்டில் அல்ல. ஆனாலும் ‘சொந்தம்’ என்பது பாதுகாப்புக்கு உத்தரவாதம் என்ற எண்ணத்தை அது தகர்த்துவிட்டது.

சட்டமும் இதே கேள்வியைச் சந்தித்திருக்கிறது. அமெரிக்காவில் நோயாளியின் மஜ்ஜைச் செல்களை வளர்த்து மூட்டில் செலுத்திவந்த ஒரு மருத்துவமனை, அது மருத்துவச் செய்முறைதானே தவிர மருந்து அல்ல என்று வாதிட்டது. 2014இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. செல்களை எடுத்து அப்படியே திருப்பி வைப்பது ஒன்று. வளர்த்து அவற்றின் இயல்பை மாற்றிச் செலுத்துவது வேறொன்று, அது மருந்துக்குரிய சோதனைகளைக் கடக்க வேண்டும் என்பதே அதன் சாரம். இந்தியாவில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் சேர்ந்து 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், ரத்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை போன்ற நிலைபெற்ற பயன்பாடுகளைத் தவிர, மற்ற ஸ்டெம் செல் பயன்பாடுகள் அனுமதி பெற்ற ஆய்வாக மட்டுமே நடக்க வேண்டும் என்கின்றன. வளர்த்தெடுத்த சொந்தக் குருத்தெலும்புச் செல்கள் வேறு கணக்கில் சேரும். அவ்வகைப் பொருள் ஒன்றுக்கு இந்தியாவிலும் 2017இல் அனுமதி கிடைத்திருக்கிறது.

ஆய்வு நின்றுவிடவில்லை. ஸ்விட்சர்லாந்தின் பாசெல் நகரில், மூக்கின் நடுச்சுவரிலிருந்து எடுத்த குருத்தெலும்புச் செல்களை வளர்த்து முழங்கால் குழியில் பொருத்திய ஆய்வின் முதல் 10 நோயாளிகளின் முடிவுகள் 2016இல் வெளியாகின. மூக்கிலிருந்து எடுப்பதால் முழங்காலில் புதிய காயம் உண்டாக்க வேண்டியதில்லை. முழங்கால் செல்களைவிட மூக்கின் செல்கள் வயதானவர்களிடமும் நன்றாக வளர்கின்றன. நம் பக்கத்தில், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் குழந்தைகளின் எலும்பு நீண்டு வளரும் இடமான வளர்தட்டில் ஏற்படும் காயங்களுக்குச் சொந்தச் செல்களைப் பயன்படுத்துவது பற்றி ஆராய்ந்துவருகிறார்கள். வளர்தட்டில் ஏற்படும் ஒரு சிறு காயம் ஒரு குழந்தையின் காலை வாழ்நாள் முழுவதும் கோணலாக்கிவிடும் என்பதால் இந்த முயற்சி மிகவும் தேவையானது.

ஆகவே சொந்தச் செல் சிகிச்சை பரிந்துரைக்கப்பட்டால் நோயாளி கேட்க வேண்டியவை இவ்வளவுதான்: எம்.ஆர்.ஐ. படத்தில் எனக்கு இருப்பது தனிக் குழியா, பரவலான தேய்மானமா? குழி என்றால் எத்தனை சதுர சென்டிமீட்டர்? என் கால் நேராக இருக்கிறதா, தசைநார்கள் உறுதியாக இருக்கின்றனவா? எடுக்கப்போவது குருத்தெலும்பா, ரத்தமா, மஜ்ஜையா, கொழுப்பா? அதை வளர்த்துப் பெருக்குவார்களா, அதே நாளில் செலுத்திவிடுவார்களா? தேய்மானம் என்ற பதில் வந்தால், எடைக் குறைப்பும் தொடைத் தசைக்கான பயிற்சியும் வலியைக் குறைக்கும் என்பதற்கு இந்த ஊசிகள் எதற்கும் இல்லாத அளவுக்கு உறுதியான ஆதாரம் இருக்கிறது; முற்றிய நிலையில் மூட்டு மாற்று அறுவை இருக்கிறது. இது ஆய்வு என்று சொன்னால், இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் அதன் பதிவு எண்ணைக் கேட்டு இணையத்தில் சரிபார்க்கலாம். எவரும் பார்க்கக்கூடிய பதிவேடு அது. முறையான ஆய்வில் சோதிக்கப்படும் செல்லுக்கு நோயாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது. பதிவு எண்ணும் இல்லை, கட்டணம் மட்டும் லட்சக்கணக்கில் என்றால் முன்பணம் கட்டுவதற்கு முன் எம்.ஆர்.ஐ. படத்தை எடுத்துக்கொண்டு வேறொரு எலும்பு மூட்டு மருத்துவரிடம் இரண்டாம் கருத்து கேட்டுவிட வேண்டும்.